போர்வையிலே எழுதிய கதை

நம் வீடுகளில் பழம் புடைவை எதுவும் வீணாவதில்லை. கரை நைந்து, உடல் இற்றுப்போன புடைவைகளை நாலைந்து மடிப்பாக மடித்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டுத் தொட்டில் குழந்தைக்கு விரிப்பாக்கிவிடுவார்கள் பாட்டிமார்கள். புதுத் துணியில் இல்லாத மெத்தென்ற சுகம் அதில் உண்டு. ஆனால் அந்த விரிப்பைத் தைத்த பாட்டியைக் 'கலைஞர்' என்று யாராவது சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் பாட்டியே சிரித்திருப்பாள்.

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்குக் காரணமான சம்பவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மாணவிகளின் சித்திரக் கண்காட்சி நடந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தையற்காரரான தன் தகப்பனார் கடையில் விழுந்த வெட்டுத் துணிகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்து, தன் தெருவையே படமாக்கிக் கொண்டு வந்திருந்தாள். கோயில் கோபுரத்துக்குப் பழைய ரவிக்கையின் பட்டு. குழாயடிக் குடங்களுக்குச் சிவப்புச் சீட்டி. இரவு வானத்துக்குப் பள்ளிக்கூடச் சீருடையின் நீலம். பரிசு கொடுக்க உட்கார்ந்த நாங்கள் மூன்று பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிறகு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது சித்திரமல்ல, தையல்" என்று தீர்மானித்து, கைவேலை மேஜைக்கு அனுப்பினோம். தலையணை உறைகளுக்கும் மேஜை விரிப்புக்களுக்கும் நடுவில் அந்தத் தெரு இரண்டு நாள் மடிந்து கிடந்தது. பெண் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்படித் தீர்ப்புச் சொன்ன மூவரில் நானும் ஒருத்தி. அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய தவறு என்பதை எனக்குக் கற்பித்தவர், எங்கள் தொழிலையே பதினெட்டு வருஷம் செய்த ஓர் அமெரிக்க உபாத்தியாயினி. அவர் பெயர் பெயித் ரிங்கோல்ட். 2024-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, தமது 93-வது வயதில் அவர் காலமானபோது, அவர் தைத்த போர்வைகள் நியூயார்க் நகரின் மிகப் பெரிய பொருட்காட்சிச் சாலைகளின் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடிமைகளின் ஊசி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'குவில்ட்' என்று ஒன்று உண்டு. வடநாட்டார் குளிருக்குப் போர்த்துக்கொள்ளும் ரஜாயைப் பார்த்தவர்களுக்கு அதை எளிதில் விளக்கிவிடலாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நழுவாமல் நெடுகத் தையல். மேல் துணியை மட்டும் ஒரே துண்டாக வைக்காமல், பற்பல நிறத் துண்டுகளை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும் நட்சத்திரமுமாக அமைப்பார்கள். துணிக்குப் பஞ்சமாயிருந்த காலத்தில் சிக்கனத்துக்காக ஏற்பட்ட வழக்கம் அது. நாளடைவில் அதுவே அழகாகிவிட்டது.

இந்த ஒட்டுப் போர்வைகளைத் தைத்தவர்களில் கறுப்பு இன அடிமைப் பெண்கள் பலர். எஜமானர்களின் வீட்டுக்கு அவர்கள் தைத்தார்கள். மிஞ்சிய கந்தலைக் கொண்டு தங்கள் குடிசைக்கும் தைத்துக்கொண்டார்கள். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே தெற்கு ராஜ்யங்கள் பலவற்றில் குற்றமாயிருந்தது. பேனாவைப் பிடிக்க விடவில்லை; ஊசியைப் பிடிக்கச் சொன்னார்கள். ஆகவே சொல்ல நினைத்ததை ஊசியாலேயே சொன்னவர்களும் அவர்களில் உண்டு.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் ஜார்ஜியா ராஜ்யத்தில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ். விடுதலைக்குப் பிறகு, பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணிச் சித்திரமாக ஒட்டி அவர் தைத்த போர்வை 1886-ல் ஒரு பருத்திச் சந்தையில் வைக்கப்பட்டது. அதைக் கண்டு பிரமித்த உள்ளூர்ச் சித்திர ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். ஹாரியட் கொடுக்க மறுத்தார். நாலைந்து வருஷம் கழித்துக் கஷ்ட காலம் வந்தபோது, அவரே அதைக் கொண்டுபோய்ப் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிச் சாலையின் பொக்கிஷங்களில் ஒன்று. அவர் தைத்த மற்றொன்று பாஸ்டன் நகரத்தில் இருக்கிறது. அமெரிக்கா முழுவதிலும் அவர் கை வேலையாக இன்றைக்குக் கிடைத்திருப்பவை இந்த இரண்டே.

ரிங்கோல்ட் அம்மையாரின் வம்சமும் இப்படிப்பட்டதுதான். அவருடைய பாட்டியின் பாட்டியான ஸூஸி ஷானன் ஓர் அடிமை. எஜமானர்களுக்குப் போர்வை தைத்தவர். அவர் தம் மகளுக்குக் கற்பித்தார். அந்த மகள், மாவு மூட்டைச் சாக்குகளைக் கொதிக்கவைத்து வெளுத்துப் பனிபோல் வெண்மையாக்கிப் போர்வைக்கு அடித்துணியாக வைப்பாராம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய பேத்தியே வில்லி போஸி, பெயித்தின் தாயார். ஐந்து தலைமுறையாக ஓர் ஊசி கைமாறி வந்தது என்று சொல்லலாம்.

நோயாளிக் குழந்தை

1930-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் என்ற பகுதியில் பெயித் பிறந்தார். கறுப்பு இனத்தாரின் சங்கீதமும் கவிதையும் சித்திரமும் செழித்திருந்த பேட்டை அது. தகப்பனார் நகரசபையின் குப்பை லாரி ஓட்டினார். தாயார் தையல் வேலையில் தொடங்கி, நாளடைவில் தாமே உடைகளை வகுத்துக் காட்சி நடத்தும் அளவுக்கு உயர்ந்தார்.

குழந்தை பெயித்துக்கு இழுப்பு நோய். அநேக நாட்கள் பள்ளிக்கூடம் போக முடியாது. படுக்கையில் கிடந்த குழந்தைக்குத் தாயார் வர்ணக் குச்சிகளும் காகிதமும் கொடுத்தார். தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளையும் கொடுத்தார். பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த வேலைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அந்தப் படுக்கையிலேயே வந்து சேர்ந்துவிட்டன.

1948-ல் நியூயார்க் ஸிட்டி காலேஜில் சித்திரம் படிக்கப் போனார். சித்திரம் அடங்கிய கலைப் பிரிவில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஆனால் உபாத்தியாயர் பயிற்சிப் பிரிவில் பெண்களுக்கு இடம் உண்டு. 'சரி, சித்திர உபாத்தியாயினி ஆகிறேன்' என்று அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். இடையில் கல்யாணம் ஆயிற்று. 1952-ல் ஒரே வருஷத்தில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அந்தத் தாம்பத்தியம் நிலைக்கவில்லை. குழந்தைகளை வளர்த்துக்கொண்டே 1955-ல் பட்டம் பெற்று, நகரப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் கற்பிக்கத் தொடங்கினார். 1959-ல் உயர் பட்டமும் பெற்றார். 1962-ல் பர்டெட் ரிங்கோல்ட் என்பவரை மணந்தார்.

பகலெல்லாம் பிறர் குழந்தைகளின் சித்திர நோட்டுக்களைத் திருத்திவிட்டு, இரவில் தம் கித்தானுக்கு முன்னால் நிற்பது எவ்வளவு சிரமம் என்பதை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். அந்தச் சிரமத்தை அவர் பதினெட்டு வருஷம் பட்டார்.

கதவைத் தட்டிய காலம்

ஆரம்பத்தில் அவர் எழுதியவை பிரெஞ்சுச் சித்திரக்காரர்களின் பாணியில் மலர்களும் மரங்களும். அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு சித்திரக்கூடத்துக்குப் போனார். அதன் தலைவியான மாது பார்த்துவிட்டு, 'நீ இதை எழுத முடியாது' என்கிற பாவனையில் பேசி அனுப்பிவிட்டாள். கணவருடன் வீடு திரும்பும் வழியில் பெயித் யோசித்தார். நாடெங்கும் கறுப்பு இனத்தார் உரிமைக்காகத் தெருவில் இறங்கியிருக்கும் காலம். நாம் என்ன, பூ எழுதிக்கொண்டிருக்கிறோம்? அவமதிப்பாக வந்த சொல்லை அவர் உபதேசமாக எடுத்துக்கொண்டார். 1963-ல் 'அமெரிக்க மக்கள்' என்ற வரிசை தொடங்கிற்று. அதன் இருபதாவது சித்திரம் 1967-ல் எழுதியது. பன்னிரண்டு அடி அகலம். 'சாவு' என்ற பொருள்பட அதற்குப் பெயர். நல்ல உடை உடுத்த கறுப்பரும் வெள்ளையரும் இரத்தம் சிந்தி ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள, நடுவில் இரண்டு குழந்தைகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, அணைத்துக்கொண்டு நடுங்குகின்றன. அப்பொழுது நியூயார்க்கில் இருந்த பிக்காஸோவின் 'குவெர்னிக்கா' என்ற யுத்தச் சித்திரத்தைப் பலமுறை பார்த்துப் பயின்றதன் பயன் அது.

1970-ல் நியூயார்க்கின் புகழ் பெற்ற விட்னி பொருட்காட்சிச் சாலையில் நடந்த வருஷாந்தரக் காட்சியில் பெண்களின் வேலைக்குப் பாதி இடம் வேண்டுமென்று சில கலைஞர்கள் கிளர்ச்சி செய்தார்கள். பெயித் அவர்களில் முன்நின்றவர். ஊதல் ஊதினார்கள்; காட்சி மண்டபத்து மூலைமுடுக்குகளில் கோழி முட்டைகளை வைத்துவிட்டு வந்தார்கள்! பாதி கிடைக்கவில்லை. ஆனால் பெண்களின் எண்ணிக்கை முன்னைவிட நன்றாக உயர்ந்தது; கறுப்பு இனப் பெண்கள் இருவரின் சிற்ப வேலையும் அங்கே இடம் பெற்றது. அதே வருஷம், தேசக் கொடியைச் சித்திரப் பொருளாக்கும் உரிமைக்காக நடந்த ஒரு காட்சியில் அவரும் வேறு இருவரும் கைதாகி, ஆளுக்கு 100 டாலர் அபராதம் செலுத்தினார்கள்.

அபராதம் செலுத்திய அந்தப் பெண்மணி, அடுத்தபடி சிறைச்சாலைக்கே சித்திரம் எழுதிக் கொடுத்தார். ரைக்கர்ஸ் தீவில் இருந்த பெண்கள் சிறைக்குப் பெரிய சுவர்ச் சித்திரம் ஒன்று எழுதும் முன்னால், கைதிகளிடம் போய் 'உங்களுக்கு என்ன படம் வேண்டும்?' என்று கேட்டார். இந்த இடத்தை விட்டு வெளியே போகும் நீண்ட பாதை ஒன்றை எழுதும்படி ஒருத்தி சொன்னாளாம். 1972-ல் மாட்டப்பட்ட அந்தச் சித்திரத்தில் பெண் வைத்தியரும், பெண் பஸ் சாரதியும், பெண் ஜனாதிபதியும் இருக்கிறார்கள். பின்னால் அந்தச் சிறைக்கு ஆண் கைதிகள் வந்தபோது, சித்திரத்தின் மேல் வெள்ளைச் சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். நல்லவேளையாகச் சாயத்தைச் சுரண்டி மீட்டெடுத்தார்கள்.

இமயத்திலிருந்து வந்த யோசனை

இதுவரையில் ரிங்கோல்ட் அம்மையார் கித்தானில் எழுதும் சித்திரக்காரி. போர்வைக்கு அவரைத் திருப்பியது, நம் இமயமலைப் பிரதேசத்துக் கலை ஒன்று என்பதை நம் நாட்டார் அறிந்தால் பெருமைப்படுவார்கள்.

1972-ல் ஹாலந்து தேசத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பொருட்காட்சிச் சாலைக்குப் போயிருந்தார். அங்கே நேபாளத்திலிருந்தும் திபெத்திலிருந்தும் வந்த 'தங்கா'க்கள் தொங்கின. புத்தரையும் போதிசத்துவர்களையும் துணியில் எழுதி, நாலு பக்கமும் பட்டுக் கரை வைத்துத் தைத்த சித்திரங்கள் அவை. வேண்டும்போது சுவரில் தொங்கவிடலாம். வேண்டாதபோது பாய்போல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம்.

அவருக்குப் பளிச்சென்று ஒன்று விளங்கிற்று. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பன்னிரண்டு அடிக் கித்தானைக் கொண்டுபோக லாரி வேண்டும், ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். துணிச் சித்திரமானால் ஒரு பெட்டிக்குள் பத்தைச் சுருட்டி வைத்து, யார் தயவும் இல்லாமல் எந்தக் காலேஜுக்கும் அனுப்பலாம். ஊருக்குத் திரும்பியதும் சட்டமில்லாத கித்தானில் சித்திரம் எழுதினார். தாயாரைக் கூப்பிட்டு, "அம்மா, இதற்குக் கரை வைத்துத் தாருங்கள்" என்றார். அன்று முதல் மகளின் தூரிகையும் தாயின் ஊசியும் ஒரே வேலையில் கூடின.

1973-ல் பள்ளிக்கூட உத்தியோகத்தை விட்டுவிட்டு முழு நேரமும் கலைக்கே கொடுத்தார். 1976-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் போய், முன்னோரின் மண்ணில் நெசவையும் முகமூடிகளையும் பார்த்து வந்தார். 1980-ல் தாயும் மகளும் சேர்ந்து முதல் போர்வையை முடித்தார்கள். 'ஹார்லெமின் எதிரொலிகள்' என்பது அதன் பெயர். பேட்டையில் பார்த்துப் பழகிய முப்பது முகங்களை மகள் எழுதினார். தாயார் அவற்றைத் துணிச் சதுரங்களுக்கிடையே அடுக்கித் தைத்துக் கொடுத்தார். மறு வருஷம், 1981-ல், தாயார் காலமாகிவிட்டார். அவர்கள் சேர்ந்து தைத்த முதல் போர்வையும் கடைசிப் போர்வையும் அதுவே.

அச்சுக்கு வராத கதை

இதற்கிடையில் அம்மையார் தம் சுயசரிதையை எழுதி முடித்திருந்தார். பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. கறுப்பு இனப் பெண்ணின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டுமென்று பதிப்பாளர்கள் மனத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குக்கு அவர் கதை ஒத்துவரவில்லை. அப்பொழுது அவர் செய்த யுக்தியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆனந்தமாயிருக்கிறது. கதையைப் போர்வையிலேயே எழுதிவிட்டார்! போர்வை காட்சிக்குப் போனால் பார்க்க வருகிறவர்கள் படித்துத்தானே ஆக வேண்டும்? பத்திரிகையில் அதன் படம் வந்தால் கதையும் கூடவே வந்துவிடும். பதிப்பாளர் வேண்டாம், அச்சுக்கூடம் வேண்டாம். ஊசியும் மையும் போதும்.

1983-ல் பிறந்த முதல் கதைப் போர்வையின் கதாநாயகி ஜெமைமா. அமெரிக்காவில் அப்ப மாவுப் பெட்டிகளின் மேல் நெடுங்காலம் சிரித்துக்கொண்டிருந்த பருத்த சமையற்காரியின் படம் அது. வெள்ளைக்கார வீட்டுக்குச் சமைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வாழ்வே இல்லை என்பதுபோல் எழுதப்பட்ட உருவம். அம்மையாரின் போர்வையிலோ ஜெமைமா சொந்தமாகச் சாப்பாட்டு விடுதி நடத்தும் வியாபாரி, குடும்பத்தை ஆளுகிறவள். ஒரு ஜாதியையே ஏளனம் செய்த விளம்பரத்துக்குத் துணியாலேயே பதில் சொன்னார். அந்த வியாபாரச் சின்னத்தைக் கம்பெனிக்காரர்கள் கைவிட்டது 2021-ல். போர்வை அவர்களுக்கு முப்பத்தெட்டு வருஷம் முந்திவிட்டது.

1988-ல் வந்தது 'தார்க் கடற்கரை'. அவருடைய வேலைகளில் இதுவே உலகப் பிரசித்தி பெற்றது. ஹார்லெமில் ஏழைகள் கோடைகாலத்தில் கடற்கரைக்கு எங்கே போவார்கள்? தார் பூசிய மொட்டை மாடிதான் அவர்களுக்குக் கடற்கரை. மாடியில் விரிப்பு விரித்து, கோழிக் கறியும் பழமும் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள். எட்டு வயதுச் சிறுமி காஸி தம்பியோடு படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். நிலா முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்துக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

பார்த்துக்கொண்டே இருக்கும் காஸி பறக்கத் தொடங்கிவிடுகிறாள். தூரத்தில் விளக்குகள் மின்னும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேல் பறக்கிறாள். அவள் கணக்குப்படி, எதன் மேல் பறக்கிறாளோ அது அவளுடையது. பாலத்தை வைர மாலையாக அணிந்துகொள்கிறாள். அவள் தகப்பனார் அந்தப் பாலத்துக்கு இரும்பு வேலை செய்தவர். ஆனால் அவர் பிறப்பைக் காரணம் காட்டித் தொழிலாளர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். 'பரவாயில்லை, நான் அந்தச் சங்கக் கட்டிடத்தின் மேல் பறந்து அதை அப்பாவுக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்கிறாள் குழந்தை. வேலை இல்லாத மாதங்களில் அழுகிற அம்மா இனி அழமாட்டாள். தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீம் உண்டு, ஏனென்றால் ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் மேலும் பறந்தாகிவிட்டது! கண்ணீர் வரும் இடத்தில் சிரிப்பும், சிரிப்பு வரும் இடத்தில் கண்ணீரும் வரும்படி எழுதுவது எல்லாருக்கும் கைவருவதில்லை.

இந்தப் போர்வை இப்போது நியூயார்க்கின் குக்கன்ஹைம் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. 1991-ல் குழந்தைகளுக்கான சித்திரப் புத்தகமாகவும் வெளிவந்து, பெரிய பரிசுகளைப் பெற்றது. கதையைப் பதிப்பிக்க ஆளில்லாமல் போர்வைக்குப் போனவரைப் போர்வையே பதிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1995-ல் அந்தப் பழைய சுயசரிதையும் அச்சேறிற்று.

வேலை நடக்கும் விதம்

கதைப் போர்வை எப்படி உருவாகிறது என்று வீட்டில் தையல் தெரிந்த சகோதரிகள் கேட்பார்கள். நடுவிலுள்ள சித்திரம் பஞ்சுத் துணியில் ஒட்டியதல்ல. கித்தானில் அக்ரிலிக் வர்ணத்தால் எழுதியது. அக்ரிலிக் வர்ணம் உலர்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். எண்ணெய் வர்ணம்போல் எளிதில் வெடிக்காது. ஆகவே சுருட்டினாலும் கெடுவதில்லை. சித்திரத்தைச் சுற்றிப் பூப்போட்டதும் சாயம் தோய்த்ததுமான துணித் துண்டுகளை ஒட்டிப் பல வரிசைக் கரை வைக்கிறார். மேலும் கீழும் நீண்ட துணிப் பட்டைகளில் கதையைக் கையால், அழியாத மையில், எழுதுகிறார். பிறகு பின்னால் துணி வைத்து, இடையில் பஞ்சடைத்து, எல்லாவற்றையும் ஊடுருவித் தையல் ஓட்டுகிறார். சித்திரத்தின் மேலேயே தையல் ஓடுவதால் வானமும் கட்டிடமும் சிறு சிறு மெத்தைபோல் புடைத்து நிற்கின்றன.

சங்கதி எதுவானாலும் அவருக்குப் போர்வையாகிவிடும். 1986-ல் தம் உடம்பில் நூறு பவுண்டு எடை குறைத்ததைக்கூடப் பழைய போட்டோக்களோடு ஒரு போர்வையாக்கி, அதை வைத்துக்கொண்டு மேடையில் நடித்தும் காட்டினார்!

1992-ல் ஹார்லெமை விட்டு நியூஜெர்ஸி ராஜ்யத்தில் எங்கிள்வுட் என்ற ஊரில் வீடு வாங்கினார். பின்னால் தோட்டத்தில் வேலைக்கூடம் கட்ட முயன்றபோது அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தார்கள், வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் கட்டியே தீர்த்தார். அந்தத் தெருவின் பெயர் ஜோன்ஸ் சாலை. ஜோன்ஸ் என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும்கூட! அண்டை வீட்டாரோடு மனஸ்தாபத்தை வளர்க்காமல், தெற்கிலிருந்து இரவிரவாகத் தப்பி நடந்து அந்தச் சாலைக்கு வந்து சேரும் அடிமைக் குடும்பத்தின் கதையாக ஒரு போர்வை வரிசையே தைத்துவிட்டார்.

சூரியகாந்தித் தோட்டத்தில்

எனக்கு மிகவும் பிடித்த போர்வை 1991-ல் செய்த 'ஆர்ல் நகரத்துச் சூரியகாந்திப் போர்வைக் கூட்டம்'. பிரான்ஸ் தேசத்து ஆர்ல் நகரம் வான்கோ என்ற மகா சித்திரக்காரர் சூரியகாந்தி எழுதிய இடம். அங்கே கறுப்பு இனத்தின் வீராங்கனைகள் எட்டுப் பேர் கற்பனைச் சித்திரக்காரி ஒருத்தியோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒரே போர்வையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தைக்கிறார்கள். அடிமைகளை ரகசியமாகத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் இருக்கிறார். பள்ளிக்கூடம் நிறுவிய மேரி பெதூன் இருக்கிறார். 1955-ல் பஸ்ஸில் வெள்ளையனுக்காக எழுந்திருக்க மறுத்த ரோஸா பார்க்ஸ் இருக்கிறார். வான்கோ? அவர் கையில் பூச்சாடியுடன் ஓரமாக நிற்கிறார்! உலகத்துச் சித்திர சரித்திரத்தில் மூலையில் நின்றவர்கள் நடுவுக்கு வர, நடுவில் நின்றவர் மரியாதையாக ஓரத்துக்கு வருகிறார்.

ரோஸா பார்க்ஸின் மறுப்பிலிருந்து எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங், அகிம்சைப் போர் முறையைக் காந்தி மகாத்மாவிடமிருந்து கற்றதாக மனமுவந்து சொன்னவர். 1959-ல் நம் நாட்டுக்கே யாத்திரையாக வந்தவர். ஆகவே அந்தச் சூரியகாந்திப் போர்வையில் ராட்டையிலிருந்து புறப்பட்ட இழை ஒன்றும் ஓடுகிறது என்று நான் நினைப்பதில் தவறில்லை.

காட்சியும் கல்வியும்

1984-ல் ஹார்லெமின் சித்திரக்கூடம் அவருடைய இருபது வருஷ வேலையைத் திரட்டிக் காட்டிற்று. 1987-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஸான் டியகோ கிளையில் சித்திரப் பேராசிரியரானார். பெண்ணென்று ஒரு காலேஜில் கலைப் பிரிவின் கதவு சாத்தப்பட்டவர், வேறொரு சர்வகலாசாலையில் அந்தக் கதவின் சாவியையே பெற்றார்! 2002 வரையில் அங்கே கற்பித்தார். 1999-ல் 'யாரும் பறக்கலாம்' என்ற பொருள்படும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கி, ஆப்பிரிக்க வம்சத்துக் கலைஞர்களின் வேலையைக் குழந்தைகள் அறியும்படி செய்தார். ஹார்லெமின் 125-வது தெருச் சுரங்க ரயில் நிலையத்தில், அந்தப் பேட்டையின் வீரர்களும் பாடகர்களும் வானத்தில் பறப்பதாக அவர் வகுத்த கண்ணாடிச் சில்லுச் சித்திரங்கள் 1996-ல் அமைக்கப்பட்டன. டிக்கெட் வாங்கி ரயில் ஏறுகிறவர் எல்லாரும் பார்க்கலாம்.

பெரிய காட்சிச் சாலைகள் மட்டும் சாவதானமாகவே அசைந்தன. 1967-ல் எழுதிய அந்தப் பன்னிரண்டு அடிச் சித்திரத்தை நியூயார்க்கின் நவீன கலைக்கூடம் வாங்கியது 2016-ல். 2019-ல் அதைப் பிக்காஸோவின் புகழ் பெற்ற சித்திரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அதே வருஷம் லண்டனிலும், 2022-ல் நியூயார்க்கிலும், 2023-ல் பாரிஸிலுள்ள பிக்காஸோ பொருட்காட்சிச் சாலையிலும் அவர் வேலைகளின் பெருங்காட்சிகள் நடந்தன. கடைசி இரண்டும் நடந்தபோது அவருக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ஹாரியட் பவர்ஸ் பார்க்காததை இவர் பார்த்துவிட்டார் என்பது ஆறுதல்.

நம் வீட்டுக் கந்தை

நமக்கு இதில் படிப்பினை இல்லையா? வங்காளத்துப் பெண்கள் பழம் புடைவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி, தாமரையும் தேரும் யானையுமாக 'காந்தா' தைத்தார்கள். அந்தச் சொல்லும் நம் 'கந்தை'யும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. குருஸதய் தத்தர் என்ற வங்காளத்துப் பெரியவர், கலெக்டர் உத்தியோகத்தில் கிராமம் கிராமமாகப் போனபோது அவற்றைத் தேடிச் சேர்த்து வைத்தார். கல்கத்தாவுக்கு அருகில் அவர் பெயரால் பொருட்காட்சிச் சாலையே ஏற்பட்டது. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் அவ்வளவும் அடுப்பங்கரையில் கைப்பிடித் துணியாக முடிந்திருக்கும். நம் பக்கத்தில் அப்படி முடிந்தவை எத்தனையோ!

எனக்கு மட்டும் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் தெரு அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, தெரியாது. ரிங்கோல்ட் அம்மையாரைத் திருப்பி அனுப்பிய சித்திரக்கூடத்து மாது என்ன செய்தாளோ, அதையே நானும் செய்தேன். அம்மையார் அவமதிப்பை உபதேசமாக்கிக்கொண்டார். ஆனால் எல்லாக் குழந்தைகளும் அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது உபாத்தியாயர்களுக்கு அழகல்ல.

இவ்வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கண்காட்சி வைத்தோம். சித்திரத்துக்கு ஒரு மேஜை, கைவேலைக்கு ஒரு மேஜை என்று பியூன் வழக்கம்போல் கொண்டுவந்து போட்டார். ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். சுவரில் ஆணி அடித்துக் கயிறு கட்டினோம். காகிதமோ துணியோ, எல்லாம் ஒரே வரிசையில் தொங்கின. மூலையில் ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது. 'அங்கே ஏதாவது மாட்டலாமா, டீச்சர்?' என்று மாணவிகள் கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.